பரவாயில்ல என்றால் பச்சை

மகள்: ...ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்க்கா. வேற எதுவும் உங்களை நான் கேக்கல.

புயல்: முதல்ல இந்தச் சாவியை வாங்கிக்கோங்க. ஆறு வருஷமா என் இடுப்புல கிடந்தது. உங்ககிட்ட குடுத்துட்டாத்தான் எனக்கு மூச்சு வரும்.

மகள்: பேச்சை மாத்தாதீங்க.

புயல்: மாத்தலம்மா... உக்காரட்டுமா? இது வேண்டாம், இது அவர் நாற்காலி. நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன்.

மகள்: நீங்க உக்காந்து நான் பாத்ததே இல்ல. அப்பா பேரு வெச்சது சும்மாவா?

புயல்: புயலாம் புயல்! உள்ளே காலை வெச்சதும் ஜன்னலைத் திறப்பேன், போர்வையை உதறுவேன், அவரைக் குளிக்க விரட்டுவேன். நான் கிளம்பினதும் பக்கத்து வீட்டுக்குக் கேக்கற மாதிரி சொல்வார், ‘புயல் கரையைக் கடந்தாச்சு, இனிமே மீனவர்கள் கடலுக்குப் போகலாம்’னு...

மகள்: ம்... எனக்கும் போன்ல சொல்வார்.

புயல்: கிண்டல் பண்ணுவாரே தவிர, நான் பத்து நிமிஷம் லேட்டா வந்தா வாசல்லதான் நிப்பார்.

மகள்: மூணு மணிக்கு அப்பா சாவைப் பத்தி விசாரணை. ரெண்டாவது மாடி. மூணு பேர் உக்காந்து கேப்பாங்க. நீங்க சொல்ல வேண்டியது இதுதான்: ‘அன்னைக்கு நான் வந்திருந்தா, அவர் என்ன சொல்ல வந்தார்னு எனக்குப் புரிஞ்சிருக்கும்.’ அவ்வளவுதான்.

புயல்: புரிஞ்சிருக்கும்தான்...

மகள்: அப்புறம் என்ன? வேலை போயிடும்னு பயமா?

புயல்: பாதி போயாச்சே. வீடு வீடாப் போய்ப் பெரியவங்களைப் பாத்துக்கற எங்க ஏழு பேருக்கும் சேத்து நாப்பத்தோரு வீடு இருந்தது. இந்தப் பேசற பெட்டி வந்த பிறகு பதினொண்ணு. மீதி முப்பதுலயும் அதுதான் தினம் விசாரிக்குது. விசாரிச்சுட்டு ஒரு கலர் போடும். பச்சைன்னா நாங்க போக வேண்டாம். மஞ்சள்னா ஒரு போன். சிவப்புன்னா ஓடணும்.

மகள்: இன்னைக்கு அந்த முப்பது வீட்டுக்கும் சேத்துத்தான் முடிவு. மறுபடியும் ஆள் அனுப்பறதா, பெட்டியே போதுமான்னு. உங்களுக்கே தெரியும்.

புயல்: தெரியும்மா. அதுல ரெண்டு வீட்டுல இருக்கறவங்களுக்குக் கண்ணே தெரியாது.

மகள்: தெரிஞ்சுமா வாயை மூடிட்டு இருக்கீங்க? பெட்டி பதிஞ்சு வெச்ச பேச்சு, இந்தக் காகிதத்தைப் படிச்சீங்களா?

புயல்: வேண்டாம்மா... மடிச்சு வைங்க.

மகள்: நான் படிக்கிறேன், கேளுங்க. திங்கள், காலை பதினொண்ணு. ‘இன்று எப்படி இருக்கிறீர்கள்?’ ‘பரவாயில்ல.’ ‘சாப்பிட்டீர்களா?’ ‘ஆகட்டும்.’ ‘உதவிக்கு யாரையாவது அனுப்பட்டுமா?’ ‘பரவாயில்ல... அவங்களுக்கு என்ன வேலையோ.’ கீழே ஒரு பச்சை வட்டம். ‘ஆகட்டும்’னா இன்னும் ஆகலன்னு ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியாதா? இது ‘சாப்பிட்டார்’னு எழுதி வெச்சிருக்கு!

புயல்: போதும்...

மகள்: அப்போ அவர் எங்கே இருந்தார்? சொல்லுங்க. நீங்கதானே பாத்தீங்க.

புயல்: கட்டிலுக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவுல. இதோ... இந்த நாலு தரைக்கல்லுல. இடது காலு மடங்கி இருந்தது. போர்வையை ஒரு முனை பிடிச்சு இழுத்திருக்கார், முட்டி வரைக்கும்தான் வந்திருந்தது.

மகள்: மேலே அலமாரியிலேருந்து இது கேக்குது. கீழே தரையிலேருந்து இவர் பதில் சொல்றார். மரியாதையா! அடுத்த நாள் பதினொண்ணுக்குப் பதில் வரலன்ன பிறகுதான் அதுக்குச் சிவப்பு தெரிஞ்சுது.

புயல்: சிவப்பு வந்ததும் செருப்புகூடப் போடாம ஓடி வந்தேன்மா. சாவி துவாரத்துல நுழைய மாட்டேங்குது... உள்ளே வந்து தொட்டதும் தெரிஞ்சுபோச்சு. சட்டைப் பையில போன் இருந்துச்சு. அணைஞ்சு கிடந்தது. பையிலயே இருக்கே, ஒரு பொத்தானை அமுக்கி யாரையாவது கூப்பிட்டிருக்கலாமேன்னு இன்னைக்கு வரைக்கும் நினைச்சுக்கறேன். நீங்க அன்னைக்குப் பேசலையாம்மா?

மகள்: பண்ணினேன். ஸ்விட்ச் ஆஃப்னு வந்துச்சு.

புயல்: ஓ...

மகள்: மூணு தடவை பண்ணினேன்.

புயல்: ராத்திரி சார்ஜ் போட மறந்திருப்பார். நான்தான் தினம் நினைவுபடுத்துவேன். நான் வர்றது நின்ன பிறகு...

மகள்: அதை விடுங்க. நீங்க இருந்தா புரிஞ்சிருக்குமா இல்லையா?

புயல்: எப்படிப் புரியாம போகும்? அவரே சொல்லிக் குடுத்ததுதானே. லிஃப்ட் மெக்கானிக்கா முப்பத்தஞ்சு வருஷம் இருந்தவர். நடுவுல மாட்டிக்கிட்டவங்களை வெளியே எடுக்கப் போவார்ல... ‘உள்ளேருந்து கத்தறவனைப் பத்திக் கவலைப்படாதே புயல், அவன்கிட்ட இன்னும் மூச்சு இருக்கு. ‘பரவாயில்ல சார், மெதுவா வாங்க’ன்னு ஒருத்தன் சொல்வான் பாரு, அவனைத்தான் முதல்ல வெளியே எடுக்கணும்’பார்.

மகள்: இதை... இதை அப்படியே மூணு மணிக்குச் சொல்லுங்கக்கா. கேட்டுட்டு எவன் பேசுவான்?

புயல்: என்னால முடியாதும்மா.

மகள்: ஏன்?

புயல்: முடியாது. அவ்வளவுதான்.

மகள்: ஆறு வருஷம் அவர் கையால காபி வாங்கிக் குடிச்சீங்க. ‘புயல் என் இன்னொரு பொண்ணு’ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சார். அவருக்காக ஒரு நிமிஷம் வாயைத் திறக்க—

பெட்டி: வணக்கம் ஐயா. மணி பதினொன்று. இன்று எப்படி இருக்கிறீர்கள்?

மகள்: ஐயோ... இது இன்னும்...

புயல்: நேத்து விசாரணைக்குப் பதிவு எடுக்க வந்தவங்க மறுபடி இணைச்சுட்டுப் போயிட்டாங்க போல. இருங்க, நான் பிடுங்கறேன்.

பெட்டி: சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லுங்கள் ஐயா.

மகள்: அப்பா இல்ல.

பெட்டி: வெளியே போயிருக்கிறாரா? நல்லது. வந்ததும் பேசுகிறேன்.

புயல்: அழாதீங்கம்மா... அதுக்குத் தெரியாது. ‘இல்ல’ன்னா அதுக்கு அவ்வளவுதான் தெரியும்.

மகள்: எவன் சொல்லிக் குடுத்தான் இதுக்கு? சொல்லுங்க. ‘பரவாயில்ல’ன்னா நல்லா இருக்கார்னு இதுகிட்ட எந்த முட்டாள் சொன்னான்?

புயல்: நான்தான்மா.

மகள்: என்ன?

புயல்: நான்தான் சொன்னேன். போன வருஷம், பெட்டி வர்றதுக்கு முன்னாடி. எங்க ஏழு பேரையும் ஒரு அறையில உக்கார வெச்சாங்க. காதுல ஹெட்போன். ஊர்ப் பெரியவங்ககிட்ட போன்ல விசாரிச்சுப் பதிஞ்சு வெச்ச குரல் ஒவ்வொண்ணா வரும், எதிர்ல மூணு பொத்தான்... பச்சை, மஞ்சள், சிவப்பு. ‘நீங்க பழகினவங்க, நீங்க சொல்லிக் குடுத்தாத்தான் அது சரியா கத்துக்கும்’னாங்க. பெருமையாக்கூட இருந்துச்சு எனக்கு.

மகள்: நீங்க... பச்சையா போட்டீங்க?

புயல்: முதல் நாள் மஞ்சள்தான் போட்டேன். பரவாயில்லன்னா யாரா இருந்தாலும் மஞ்சள். மேற்பார்வையாளர் வந்து தோள்ல தட்டினார். ‘உங்க ஒருத்தர் பட்டியல் மட்டும் மஞ்சக்குளிச்ச மாதிரி இருக்கே. குரலைப் பாக்காதீங்க, வார்த்தையைப் பாருங்க’ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் ஒரு மணிக்கு இருநூறு குரல்... கை பழகிடுச்சு. பரவாயில்ல, பச்சை. பரவாயில்ல, பச்சை.

மகள்: அப்பாவோட குரலுமா?

புயல்: வந்துச்சு. மூணாவது நாள். ‘பரவாயில்ல, மெதுவா வரட்டும்’னார். என் கை நின்னுபோச்சு. அவருக்கு மட்டும் மஞ்சள் போட்டேன்.

மகள்: போட்டீங்கள்ல! அப்புறம் எப்படி இது—

புயல்: ஒண்ணேஒண்ணு போட்டு என்னம்மா ஆகும்? மத்த ஆயிரம் பேருக்குப் பச்சை போட்டேனே. அது ஆயிரத்தைப் பாத்துத்தானே கத்துக்கும்? என் ஆளுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம்னு நினைச்சேன். அந்த ஊர் நியாயம்தான் அவர் தலையில வந்து விழுந்துச்சு. அதான் நீங்க சொல்லச் சொன்னதை என்னால சொல்ல முடியாது. மனுஷி வந்திருந்தா புரிஞ்சிருக்கும்னு எந்த வாயால சொல்வேன்? மூணு மணிக்கு நான் வர்றேன். வந்து இதைச் சொல்றேன், பொத்தான் கதையை. ‘இவங்களே தப்பாத்தானே சொல்லிக் குடுத்திருக்காங்க’ன்னு பெட்டிக்காரங்க தப்பிச்சுடுவாங்களோன்னுதான் பயம். உங்க பக்கம் கெட்டுப்போகும். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, அப்படியே போயிடறேன். திட்டணும்னா திட்டுங்க. கையை ஓங்கினாக்கூட வாங்கிக்கறேன்.

மகள்: உக்காருங்கக்கா.

புயல்: ஏன் அந்தப் போனையே திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க? அது அவரோடதா?

மகள்: என்னோடது.

புயல்: அப்போ என்ன இருக்கு அதுல?

மகள்: ஸ்விட்ச் ஆஃப்லாம் இல்லக்கா. திங்கக்கிழமை ஒண்ணரைக்கு ஆபீஸ்லேருந்து பண்ணினேன், ரெண்டாவது மணியிலேயே எடுத்துட்டார். ‘எப்படி இருக்கீங்கப்பா, சாயங்காலம் வரட்டுமா’ன்னேன். ‘பரவாயில்லம்மா, உனக்கு என்ன வேலையோ... இங்கே தரைதான் கொஞ்சம் ஜில்லுனு இருக்கு’ன்னார். நான்... ‘சாக்ஸ் போட்டுக்கோங்கப்பா’ன்னு சொல்லிட்டுப் போனை வெச்சுட்டேன்.