அடுப்பு எண்ணின நாள்

மொதல்ல உக்காரு ருக்கியா. நின்னுட்டே அழுதா உனக்குக் கால் வலி, அண்ணாந்து பாத்து எனக்குக் கழுத்து வலி. அந்தத் தாளை இப்படிக் குடு. யாராச்சும் வாசிச்சுக் காட்டினாங்களா? உங்க வரிசைப் பரீது வாசிச்சானா? அவன் பாதியை முழுங்கிட்டுத்தான் வாசிச்சிருப்பான். நான் ஒழுங்கா வாசிக்கறேன், கேட்டுக்கோ.

புது பஸ் ஸ்டாண்டுக்கு எடுக்கற இடத்துல இருக்கற பத்தொம்பதும் ஆள் குடியில்லாத கொட்டகைங்க. அதனால யாருக்கும் மாத்து இடம் கிடையாது. இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணணும். அவ்வளவுதான் போட்டிருக்கு. ஒரு எழுத்துப் பிசகு இல்லே.

ஆமா, பதினோரு வருசமா இருக்கறே. என்ற நெலத்துல யாரு இருக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா? உன்ற மூணு புள்ளைங்களும் அங்கதான் பொறந்துச்சு. மூத்தவளுக்குப் பேரு வெச்சதே நான்தானே. ஆனா இப்ப மதராசுலேருந்து பிரிஞ்சு கேரளம்னு ஆகி, ஊரைப் பட்டணமாக்கணும்னு வந்திருக்கறவங்களுக்கு உன்ற வருசக்கணக்கு வேண்டாம் புள்ள, அடுப்புக் கணக்குத்தான் வேணும். அடுப்பு எரிஞ்சா அது குடும்பம். எரியலேன்னா கொட்டகை. ஊடு ஊடா உக்காந்து கதை கேக்கறதுக்கு ஆபீசருக்கு நேரமிருக்குமா, நீயே சொல்லு.

சரி, அவர் வந்தன்னிக்கு உன்ற அடுப்பு எப்படி இருந்துச்சு? நோன்பு பதினேழு, காலைல பத்து மணி. விடியறதுக்கு முந்தியே சஹருக்குப் பொங்கித் தின்னுட்டு, சாம்பலை அள்ளிப் போட்டு, சாணி மெழுகிக் கோலமாட்டம் வெச்சிருந்தே. உன்ற வரிசையில எல்லாரும் அப்படித்தான், சுத்தக்காரிங்க. சாயந்தரம் நோன்பு தொறக்கப் பள்ளிவாசல்லேருந்து கஞ்சி வந்துரும், அப்புறம் பகல்ல எதுக்கு அடுப்பு? அவர் தெக்கேருந்து மாத்தலாகி வந்தவர், நோன்பு மாசத்து அடுப்பு அவருக்கு எப்படித் தெரியும்? பத்தொம்பதையும் குனிஞ்சு தொட்டுப் பாத்தாராம். பத்தொம்பதும் சில்லுன்னு இருந்துச்சாம்.

சொன்னீங்களா? சொல்லியிருப்பீங்க, கூட்டமா நின்னு கத்தியிருப்பீங்க. அதை எழுதறதுக்கு அவர் கையிலிருந்த ஃபாரத்துல கட்டம் இல்லே. அடுப்புக்கு மட்டுந்தான் கட்டம்.

வேற மாசத்துல வந்திருக்கலாம்ங்கறே. வந்திருக்கலாம். வந்திருந்தா பத்தொம்பது குடும்பம்னு எழுதியிருப்பார். ஆளுக்கு மூணு சென்ட் மாத்து இடம். அது எங்கேருந்து வரும்னு யோசிச்சியா? வானத்துலேருந்தா? நெலத்துக்காரங்க மிச்ச நெலத்துலேருந்து விட்டுத் தரணும். எனக்கு மிச்சம் இருக்கறது அந்தத் தென்னந்தோப்பு ஒண்ணுதான். அதுல நடுவுல கெணறு. கெணத்தைச் சுத்தி பத்தொம்பது குடும்பம் துணி தொவைச்சா தோப்பு என்னாகும்?

தெரியும், எதுக்கு வந்திருக்கறேன்னு தெரியும். இந்தக் கௌலத்தும்மா ஒரு கையெழுத்துப் போட்டா ஆபீசர் திரும்ப வந்து எண்ணுவார்னு பரீது சொல்லி அனுப்பியிருக்கான். அதுல அவன் சொன்னது சரிதான். நெலத்துக்காரி எழுதிக் குடுத்தா அவர் வந்துதான் ஆகணும்.

ஆனா முடியாது புள்ள. காலை விடு. எந்திரி, சொல்றேன்.

எங்க அத்தா அந்தக் காலத்துலயே ஊட்டுக்கு வாத்தியாரம்மாவை வரவழைச்சு எனக்கு மலையாளம், தமிழ், இங்கிலீஷ் மூணும் சொல்லிக் குடுத்தார். ஒரே விசயத்தை ரெண்டு விதமா எழுதிக் கையெழுத்துப் போடறவளை எந்த ஆபீஸ்லயும் மதிக்க மாட்டாங்க. நோன்பு தொடங்கறதுக்கு முந்தியே நான் ஒண்ணு எழுதிப் போட்டுட்டேனே. அங்க இருக்கறது என்ற நெல்லுக் கொட்டகைங்க, பாக்கறதுன்னா ஏப்ரல் மாசம் இன்ன தேதி, வெயில் ஏறறதுக்குள்ள, பத்து மணிக்கு வாங்கன்னு.

அவரும் சொன்ன தேதிக்கு, சொன்ன நேரத்துக்கு வந்தார். இந்தக் காலத்துல அப்படி ஒரு உத்தியோகஸ்தர் அமையறது கஷ்டம்.