எழுந்து நிக்காத வக்கீல்

இல்லம்மா, நானா வெளிய வரல. அனுப்பிட்டாங்க. உக்காருங்க, பெஞ்சுல இடம் இருக்கு. யாரையும் ஏசிப் பழக்கமில்ல எனக்கு. காலையிலகூட கண்ணை மூடிக் கும்பிட்டுட்டுதான் கிளம்பினேன். ஆனா இப்ப வயிறு எரியுது.

உள்ள கூண்டுல நிக்கிறது என் பொண்ணு. அவ பிள்ளை அவகிட்ட வளரணுமா, அப்பன்கிட்ட வளரணுமான்னு கேஸு. நாலு வயசும்மா அதுக்கு. அப்பன் பக்கத்து வக்கீல் பெரிய ஆளு, நரைச்ச தலை, பேச்சு தேனா வழியும். என்ன கேட்டாருங்கறீங்க? அன்னைக்குக் குழந்தையைத் தனியா விட்டுட்டு வேலைக்குப் போனீங்களே, வெளிக்கதவைப் பூட்டினீங்களா இல்லையான்னார்.

எவ்வளவு நைசா பாருங்க, எந்தப் பதில் சொன்னாலும் தனியா விட்டதா ஆயிடும். தனியா விட்டான்னு யார் சொன்னா? நான் உள்ளதானே இருந்தேன். முட்டி வலி, அடிக்கடி எழுந்து தாழ்ப்பாள் போட முடியாது. அதனால அவ பூட்டிட்டுப் போவா.

எட்டு மாசமா இந்தக் கோர்ட்டுக்கு அலையறேன், எனக்கே தெரியும். கேள்வி கோணலா வந்தா நம்ம வக்கீல் சட்டுனு எழுந்து நிக்கணும். சாட்சி வாயைத் திறக்கறதுக்குள்ள நிக்கணும். அப்ஜெக்‌ஷன்னு ஜட்ஜைப் பாத்துச் சொல்லணும், எதிராளியைப் பாத்து இல்ல. யாரும் சொல்லாததைச் சொன்ன மாதிரி வச்சுக் கேக்கறாருங்கன்னு ஒரு வரி காரணம். சண்டையும் வேண்டாம், சத்தமும் வேண்டாம். பதில் வந்துட்டா அப்புறம் என்ன, கறந்த பால் மடிக்கா திரும்பும்?

எங்க வக்கீல் உக்காந்திருந்தார். பேனா மூடியைத் திருகிக்கிட்டு. இவ வெள்ளந்தியா, பூட்டிட்டுதாங்க போனேன்னுட்டா. டைப் அடிக்கிறவங்க அதை அடிச்சும் முடிச்சுட்டாங்க.

அப்பதான் நான் எழுந்தேன். ஐயா, வீட்டுக்குள்ள நான் இருந்தேன்னு கத்திட்டேன். இந்த அம்மாவை வெளிய உக்கார வைங்கன்னுட்டார் ஜட்ஜு. நிக்க வேண்டியவர் நிக்கல, நிக்கக்கூடாதவ நின்னுட்டேன்.

சாப்பாட்டு நேரத்துக்கப்புறம் எங்க வக்கீல் அவகிட்ட திரும்பக் கேக்கலாமாம், குமாஸ்தா சொன்னார். உள்ள யார் இருந்தாங்கன்னு ஒரே கேள்வி. அதையாவது கேக்கணும்.

எங்க வக்கீலுக்குப் பயமான்னா... பயமில்லம்மா, மரியாதையாம். அந்த நரைச்ச தலைகிட்டதான் அஞ்சு வருஷம் தொழில் கத்துக்கிட்டது. அவர் பேசறப்போ குறுக்க பேசிப் பழக்கமில்லையாம். பிள்ளை கைவிட்டுப் போகுது, இங்க மரியாதை.

மாத்தறதா? எங்கம்மா மாத்தறது? அக்கா கேஸை இன்னொருத்தர்கிட்ட குடுக்க மாட்டேன்னு அவன்தானே ஒத்தக்கால்ல நின்னான். பெரியவங்க பேசறப்போ வாயை மூடுடான்னு தொடையில கிள்ளிக் கிள்ளி அவனை வளத்தவ நான்தான். இன்னைக்கு மத்தியானமும் எழுந்து நிக்கலைன்னா, கறுப்புக் கோட்டுன்னும் பாக்க மாட்டேன், அதே தொடையிலதான் கிள்ளப் போறேன்.