துடக்கென்று சொன்ன நாள்

"கிளினிக் மிஸ்ஸுக்குப் பொய் சொல்லிப்போட்டு, அம்மனுக்கு முன்னால என்னெண்டு கா நிண்டாய்?"

செட்டிபாளையத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்களில் மூத்தவள்தான் கேட்டாள். பின் சீட்டில் இருந்த நான், பார்த்துக்கொண்டிருந்த போனை அணைத்தேன்.

"என்ன பொய் மச்சாள்?" என்றாள் இளையவள்.

"கர்ப்பப்பை வாயில எடுத்த டெஸ்ட்டுல வித்தியாசம் இருக்கு, பெரியாஸ்பத்திரிக்கு வா எண்டு கூப்பிட, மாதத் துடக்கு, வர ஏலாது எண்டிருக்காய். அண்டு ராவே கோயில்ல குளிர்த்திச் சடங்கு பாத்துக்கிட்டு நிக்கிறாய்."

"கூப்பிட்டா புத்துநோய்தானே? அதக் காதால கேக்கவா போறது?"

"என்னையும் கூப்பிட்டதுதான்."

"எப்ப?"

"நான் குளிர்த்திக்கு வராத வருசம்."

"அப்ப உங்களுக்குத் துடக்கு எண்டீங்க."

"துடக்கில்ல கா. சோதிக்கச் சின்னச் சதைத் துண்டு எடுத்தாங்க, ரத்தம் பட்டுக்கிட்டே இருந்த. புத்துநோயில்ல, விட்டா அப்பிடி மாறலாம் எண்டு மருந்து செஞ்சாங்க. இப்ப சுகம். சொன்ன நேரத்துக்குப் போய்க் காட்டுறன்."

"ஒருத்தருக்கும் சொல்லல்லியே!"

"பயந்து தனியத்தான் போன நான்."

பஸ் கல்லடிப் பாலத்தைத் தாண்டியது.

"ஆஸ்பத்திரி இறங்குங்க!" என்று கண்டக்டர் கத்தினார்.

இளையவள் எழுந்தாள். "எங்க போன எண்டு ஊருல கேட்டா என்ன சொல்ற மச்சாள்?"

மூத்தவளும் கம்பியைப் பிடித்து எழுந்தாள்.

"உண்மையச் சொல்லு. எனக்குஞ் சேத்துச் சொல்லு."