தலை வடக்கே

"ராத்திரி ஒரு மணி. புலோசாரிக் கரைச்சாலை. நிலா கிடையாது."

தர்சோனோ இவ்வளவுதான் சொல்லியிருந்தான். அதற்குள் காவல் குடிசையில் இருந்தவர்கள் விளக்கைச் சுற்றி நெருங்கிவிட்டார்கள். வாக்யோ மட்டும் மூலையில் படுத்திருந்தான்.

"டேய், தலைய மாத்திப் படு. பொணம் மாதிரி வடக்க வச்சிருக்க."

"பொணத்துக்கு உன் கதையக் கேக்குற கொடுமை இல்லல்ல? நான் இப்படியே இருக்கேன்."

சிரிப்பு அடங்கும்வரை தர்சோனோ காத்திருந்தான். பிறகு தன் தங்கை புருஷன் கஸ்முரிக்கு நடந்ததைச் சொன்னான்.

புலோசாரியில் ஒரு காலத்தில் இருநூறு வீடு. கடல் வருஷா வருஷம் வடக்கிலிருந்து ஏறி வந்தது. நெல்வயல் இறால் குட்டையாயிற்று. குட்டை கடலாயிற்று. டெமாக், செமாராங் நகரங்களுக்கு ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிப் போக, மிஞ்சியது ஏழே வீடு. அதில் கஸ்முரியுடையதும் ஒன்று. அவனுக்குப் போக்கிடம் இல்லை.

அன்றிரவு அவன் மகள் வினார்த்திக்கு ஜுரம் முற்றி வலிப்பு வந்துவிட்டது. ஐந்து வயசு. அவன் மனைவி வர்சினி அப்போது நிறைமாதம், தண்ணீரில் இறங்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் பைக்கில் கிளம்பியவனின் மார்போடு குழந்தையைத் துணியால் இறுக்கிக் கட்டினாள்.

"தெக்க போய்க்கிட்டே இருங்க. எதுக்கும் நிக்காதீங்க."

பாதி வழியில் கடல் ஓதம் சாலைக்கு மேலே ஏறிவிட்டது. பைக் இரண்டு தடவை இருமியது... நின்றது. இறங்கி நடந்தான். முழங்கால் வரை தண்ணீர். பிறகு இடுப்பு வரை. காலுக்கடியில் தார் இல்லை. சேறு.

சோற்றுத் தட்டைக்கூட 'கொஞ்சம் மேற்கே தள்ளு' என்று திசை சொல்லியே வளர்ந்தவன். அன்றைக்கு அவனுக்குத் தெற்கு தொலைந்துவிட்டது. மின்சாரம் போய்த் தெற்கே நெடுஞ்சாலை விளக்குகளும் அணைந்திருந்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே சத்தம். சளப்... சளப்...

குழந்தையின் மூச்சு அவன் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. விட்டு விட்டு. அப்புறம்... ரொம்ப நேரம் கழித்து ஒன்று.

அப்போது கால் எதிலோ இடித்தது. கல். கொஞ்சம் தள்ளி இன்னொரு கல். ஊர் இடுகாடு. மூழ்கி எத்தனையோ வருஷமாகிவிட்டது.

பயத்தோடு சேர்ந்தே யோசனையும் வந்தது. புதைத்தவர்களுக்குத் தலை வடக்கே, கால் தெற்கே. இரண்டு முனையிலும் கல். தலைமாடு எதுவென்று தெரிந்தால் போதும்.

"பெரியவங்களே, மன்னிச்சுக்கங்க. மிதிச்சுத்தான் போகணும். வழி காட்டுங்க... இது உங்க புள்ள. உங்க புள்ளயக் காப்பாத்துங்க."

சளப் சத்தம் நின்றது.

குனிந்து தண்ணீருக்குள் தடவினான். ஒரு முனையில் வழவழவென்று பாசி. விரல் பட்டதும் நடுவில் இரண்டாகப் பிரிந்து சரிந்தது. மறுமுனை மொட்டையாக இருந்தது. பாசி பிடித்தது தலைமாடு என்று வைத்துக்கொண்டான். மொட்டை முனைப் பக்கமாக நடந்தான். அடுத்தது. மறுபடி பாசி... மறுபடி மொட்டை. வரிசை போய்க்கொண்டே இருந்தது. அவன் ஊரில் அத்தனை பேர் இருந்ததே இல்லை என்று தோன்றியது. அது முடிந்த இடத்தில் காலுக்கடியில் தார்ச்சாலை.

மீன் லாரிக்காரன் ஒருத்தன் ஏற்றிக்கொண்டான். வண்டி முழுக்க மீன் நாற்றம். அதையும் மீறிக் கஸ்முரியின் கையில் தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது.

குழந்தை பிழைத்துவிட்டது. விடிந்ததும் தர்சோனோ ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நடந்ததையெல்லாம் கஸ்முரி சொன்னான்.

"எந்தக் கல்லு, மச்சான்?"

"இடுகாட்டுக் கல்லுதான்."

"நீ கலிமந்தான் தோட்டத்துல வேலைக்குப் போயிருந்தப்பவே கல்ல எல்லாம் லாரில ஏத்தித் தெக்க புது இடுகாட்டுக்குக் கொண்டுபோய்ட்டோமே. நான்தான் பிடுங்கினேன்."

"அப்ப... அவங்க?"

"தண்ணிக்குள்ள எலும்பத் தேட யாரால முடிஞ்சுது? அவங்க அங்கயேதான்."

கஸ்முரி கையை மெல்ல மூக்கருகே கொண்டுபோனான்.

அந்த மாதமே ஊரை விட்டு வந்துவிட்டார்கள். செமாராங்கில் வாடகைக்கு ஓர் அறை. வினார்த்தி நன்றாகத்தான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள். தலையை எந்தப் பக்கம் வைத்துப் படுக்கப் போட்டாலும் விடியும்போது வடக்கே இருக்கும். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டார்கள். தங்களுக்கு நடுவில் படுக்க வைத்தார்கள். அப்படியும்.

வாக்யோ எப்போது எழுந்து உட்கார்ந்தான் என்று யாரும் கவனிக்கவில்லை.

ஓர் இரவு கஸ்முரி தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை புரளவில்லை. கை காலை அசைக்கவும் இல்லை. உடம்பு நீட்டிக் கிடந்தபடியே மெதுவாகத் திரும்பியது... குழிக்குள் இறக்கிச் சரிசெய்வார்களே, அந்தப் பக்குவத்தில்.

அவள் கால்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன்," என்றான். "இது என் புள்ள. என் புள்ள."

திரும்புவது நின்றது. விளக்கைப் போட்டான். தலைமாட்டில் யாரும் இல்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். படுக்கும்போது கலைந்து கிடந்த முடிக்கு எண்ணெய் வைத்து, நேராக வகிடெடுத்துச் சீவியிருந்தது.