கீர்த்தி கட்டிய ஜன்னல் திறக்காத வீடு

தலைமை நாற்காலியில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் சங்குமேட்டுக் குப்பத்தின் ஊர்த் தலைவர், என் அன்பு அண்ணன் செல்வம் அவர்களே! ஆயிரம் பிள்ளைகளுக்கு அகரம் காட்டிய தலைமையாசிரியை அடைக்கலமேரி அம்மையார் அவர்களே! மீன் கூடையை இறக்கி வைத்த ஈரக்கை காயாமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! ஷிப்டு முடிந்த சட்டையோடு சுவரோரம் நிற்கும் தம்பிமார்களே! பரிசு பெற்ற பள்ளிப் பிள்ளைகளே! உங்கள் அத்தனை பேரையும் இராயபுரத்துச் செங்கொடி என்னும் நான் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

மேடை என்றால் எனக்கு மீன் குழம்பு மாதிரி, விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஆனால் இன்று இந்தப் படிகளில் ஏறத் தயங்கினேன். பந்தல் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, பூமாலை இருக்கிறது. பார்க்க வேண்டிய பிள்ளை ஒன்று இல்லை.

யாருப்பா அது, சத்தமா பேசச் சொல்றது? மைக்கு நல்லாத்தான் கீது நைனா. நான்தான் தள்ளி நின்னுக்கினு கீறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். குறைந்த மின்சாரத்தில் ஒரு குடும்பம் வாழ வேண்டும். அப்படி ஒரு வீட்டைப் பள்ளிப் பிள்ளைகள் அட்டையிலும் தெர்மாகோலிலும் கட்டிக் காட்ட வேண்டும். இதுதான் போட்டி. மாதவரத்திலிருந்து வந்தார்கள், திருவொற்றியூரிலிருந்து வந்தார்கள். அடடா, ஒவ்வொரு வீடும் என்ன அழகு! நான்கு புறமும் ஜன்னல், நடுவே முற்றம், மொட்டை மாடியில் தோட்டம். காற்று வரும், கரண்ட் மிஞ்சும் என்று கிளிப்பிள்ளை போல் ஒப்பித்தார்கள்.

நம் பள்ளியின் சார்பில் போனவள் யார்? அங்கம்மாவின் மகள், ஒன்பதாம் வகுப்பு கீர்த்தி. அவள் கட்டிய வீட்டில் என்ன இருந்தது? ஜன்னல் இருந்தது. ஆனால் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை! அத்தனையையும் மூடி, மேலே ஈரத்துணி ஒட்டியிருந்தாள். நடுவராக வந்திருந்த பெரியவர் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, ஜன்னலைத் திறந்து வைத்தால் ஃபேனே வேண்டாமே. கரண்ட் மிச்சமாகுமே?"

"தொறந்தா சாம்பல் வரும் சார்."

"சாம்பலா? எங்கேயிருந்து?"

"கரண்ட் செய்ற எடத்துலேந்து சார்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், குப்பத்தை ஒட்டி நிலக்கரி எரிக்கும் மின்நிலையம் உங்களுக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மற்ற பிள்ளைகள் கற்பனையில் வீடு கட்டினார்கள். கீர்த்தி தான் வாழும் வீட்டைக் கட்டினாள். அந்த வீட்டில் அவளுக்கு ஒரு தம்பி, நிதிஷ். ஒன்றாம் வகுப்பு. ஜன்னல் விளிம்பில் படிந்த சாம்பலில் விரலால் படகு வரைவான். அங்கம்மா ஈரத்துணியால் துடைப்பாள். மறுநாள் அவன் வரைய மறுபடியும் சாம்பல் இருக்கும். படகு வரைந்த அந்தப் பிள்ளைக்கு மூச்சு இழுக்கும். இழுத்தால் நெபுலைசர் வைக்க வேண்டும். மருந்தைப் புகையாக்கி மூக்கில் விடும் சின்ன மெஷின் அது. இந்தக் கூட்டத்தில் பல தாய்மார்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. அது கரண்டில்தான் ஓடும். கரண்ட் நின்றால் மெஷினும் நிற்கும். அப்போது அந்தத் தாய் என்ன செய்வாள்? முறத்தால் விசிறுவாள். வேறென்ன செய்வாள்?

ஆகவே கீர்த்தி தன் அட்டை வீட்டில் என்ன செய்தாள்? கூரைக்கு வெள்ளை அடித்தாள், வெயில் இறங்காமலிருக்க. விளக்கைக் குறைத்தாள், விசிறியைக் குறைத்தாள். கூரை மேல் சூரியத் தகடு ஒன்றை வைத்து, அதிலிருந்து ஒரே ஒரு வயரை ஒரே ஒரு மூலைக்கு இழுத்தாள். அந்த மூலையில் தீப்பெட்டியில் செய்த கட்டில். பக்கத்தில் தீப்பெட்டியில் செய்த மெஷின். "ஊரே இருட்டானாலும் இந்த மூலைக்குக் கரண்ட் போவாது சார்" என்றாள். "இங்கே யார் படுப்பார்கள்?" என்று கேட்டார் நடுவர். "என் தம்பி சார்" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் பரிசு சங்குமேட்டுக்கு வந்தது!

தட்டுங்கள். அதற்குத் தட்டலாம்.

என்ன பரிசு? கோப்பையா? கேடயமா? இல்லை. நிஜமான சூரியத் தகடு, நிஜமான பேட்டரி. வென்ற பிள்ளையின் வீட்டிலேயே பொருத்திக்கொள்ளலாம். அட்டையில் கட்டிய மூலை அசல் வீட்டுக்கு வரப்போகிறது!

அப்போது நாம் என்ன செய்தோம்? செல்வம் அண்ணே, மறைக்காமல் சொல் என்று நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள். அதனால் சொல்கிறேன். நாம் பெருமைப்பட்டோம். "குப்பத்துப் பொண்ணு ஜெயிச்சுக்கீது. ஆட்டோல ஏத்தி அனுப்புறதா? மோளம் அடிச்சு, மேடை போட்டு, மாலை போட்டு வாங்கணும்" என்றோம். அதில் அன்பில்லையா? அன்புதான். ஆசையில்லையா? ஆசைதான். நம் பிள்ளைகளுக்கு யார் மேடை போட்டிருக்கிறார்கள், நாமாவது போடுவோம் என்ற ஏக்கம்தான். தகடு பெட்டியோடு பள்ளி ஆய்வுக்கூடத்தில் தங்கியது.

சிறப்பு விருந்தினருக்குத் தேதி இல்லை என்றார்கள். காத்திருந்தோம். தேதி கிடைத்தபோது ஆடி பிறந்துவிட்டது. அம்மனுக்குக் கூழ் ஊற்றும் மாதம். ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்றோம். காத்திருந்தோம். நமக்குக் காத்திருக்க நேரம் இருந்தது. நிதிஷுக்கு இருந்ததா?

ஒருநாள் கீர்த்தி தலைமையாசிரியை அறைக்குப் போயிருக்கிறாள். இதை அம்மையாரே அழுதுகொண்டு என்னிடம் சொன்னார். "டீச்சர், மேடையில எனக்கு வெறும் பெட்டிய குடுங்க. உள்ள கீறத இப்பவே குடுத்துடுங்க" என்று கேட்டிருக்கிறாள். "ஊரே உனக்காக ஏற்பாடு பண்ணுதும்மா, கொஞ்சம் பொறு" என்று தலையைத் தடவி அனுப்பியிருக்கிறார் அம்மையார். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆடி முடியவில்லை. ஒரு நண்பகல் கரண்ட் போனது. நிதிஷுக்கு மூச்சு இழுத்தது. மெஷின் நின்றது. அங்கம்மா முறத்தால் விசிறினாள். பிறகு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஆட்டோ கிடைத்தது, பாதை கிடைக்கவில்லை. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்ற அந்தச் சாலையில், ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்பே, அம்மாவின் மடியிலேயே...

தண்ணீர் வேண்டாம்மா. பேசிவிடுகிறேன்.

யார் குற்றம் என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. அந்தப் பிள்ளையின் நெஞ்சில் இருந்தது என்ன என்று சொல்ல நான் டாக்டரும் இல்லை. ஆனால் கேட்பதற்கு எனக்கு வாய் இருக்கிறது. மின்சாரம் பிறக்கும் ஊரில் மின்சாரம் போவதேன்? கடற்காற்று வீசும் கரையில் ஜன்னலைச் சாத்தி வாழ்வதேன்? அதிகாரிகளே, விளக்கை அணை, விசிறியை நிறுத்து, மின்சாரத்தைச் சேமி என்று எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறீர்கள். நடத்துங்கள், நல்ல பாடம்தான். எங்கள் பிள்ளைகளின் மூச்சைச் சேமிக்க யாருக்கு ஐயா பாடம் நடத்துவது? பதினான்கு வயதுப் பெண்ணா தம்பியின் மூச்சுக்குத் திட்டம் போட வேண்டும்? அது அவள் வேலையா? அது இந்த ஊரின் வேலை, நாட்டின் வேலை, மேடையேறிப் பேசும் என்னைப் போன்றவர்களின் வேலை!

மேடையில் இருக்கும் இந்தப் பெட்டியைப் பாருங்கள். இன்றுதான் அதற்கு நாள் வந்திருக்கிறது. கீர்த்தி மேலே வரமாட்டாள். அதோ, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கிறாள். கூட்டத்துக்கு முன் என்னிடம் வந்தாள். "அக்கா, எங்க தெரு இஷ்ரத் அக்கா கொழந்தைக்கும் மூச்சு வாங்குது. அவங்க வூட்ல மாட்டச் சொல்லுங்க" என்றாள். எப்போது மாட்டலாம் கண்ணு என்று கேட்டேன். விழா முடிந்து, நன்றியுரை முடிந்து, நாளைக் காலையில் என்று என் மனதில் ஒரு கணக்கு.

"இன்னிக்கே அக்கா. வெளிச்சம் கீறப்பவே" என்றாள்.

இன்னும் ஏழு பேர் பேச வேண்டும் என்று அழைப்பிதழ் சொல்கிறது. மன்னியுங்கள் பெரியோர்களே, இன்று எவரும் பேசப்போவதில்லை. சால்வை வேண்டாம். படம் எடுக்க வேண்டாம். செல்வம் அண்ணன் எழுந்துவிட்டார், பெட்டியின் ஒரு பக்கத்தை அவர் பிடித்துவிட்டார். எலக்ட்ரீஷியன் பெனிட்டோ தம்பி, மறுபக்கத்தைப் பிடி. இஷ்ரத் வீட்டுக் கூரையில் இன்னும் வெயில் இருக்கிறது.

இதுவரை பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் பிள்ளைகளுக்கும் என் நன்றி, என் வணக்கம். தயவுசெய்து கை தட்டாதீர்கள். எழுந்து வழி விடுங்கள்.