மூன்றாம் வரிசை

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, சர்க்கரை தின்பவர்களைக் கவனிப்பதுதானே என் வேலை.

உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். உடம்பிலிருந்து எடுத்த பிறகும், தீனி போட்டால் உயிரணுக்கள் வாழும். சர்க்கரையைத் தின்னும், ஆக்சிஜனை இழுக்கும், புளிப்பை வெளியே விடும். ரோஸ் நிறத் திரவத்தில் விட்டுவைத்தால் இரண்டு நாளில் திரவம் மஞ்சளாகும். சாப்பிட்டு முடித்துவிட்டன, மாற்று என்று அர்த்தம். அவை இழுக்கும் ஆக்சிஜனை எங்கள் கருவி நிமிடத்துக்கு நிமிடம் அளக்கும். ரத்தப் புற்றுநோயாளியின் அணுக்களை ஒரு தட்டில் உள்ள சின்னச் சின்னக் குழிகளில் விட்டு, வரிசைக்கு ஒரு மருந்து ஊற்றுவோம். எந்த வரிசையில் மூச்சு இறங்குகிறதோ அந்த மருந்தை டாக்டர் நோயாளிக்குக் கொடுப்பார். இருபத்திரண்டு வருடமாக இதைச் செய்கிறேன். ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை.

என் தங்கையைப் பற்றிக் கேட்டீர்கள். அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது, எனக்குப் பத்தொன்பது. அவளுக்குத் தலைவாரி, பாடம் சொல்லி, ஜுரம் பார்த்து வளர்த்தவள் நான். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் செய் என்பார்கள். அவள் கல்யாணத்துக்கு நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவள் கணவனோடு வேறு ஊருக்குப் போனாள். பதினொரு வருடம், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு போன்.

மாப்பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்றதும், ஆஸ்பத்திரி பக்கம் என்று இருவரும் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். குளியலறையில் மூன்று பல்துலக்கி. மின்விசிறியை எத்தனையில் வைப்பது என்று தினமும் சண்டை. நான் சந்தோஷமாக இருந்தேன் ஐயா. மற்றதைச் சொல்வதைவிட இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

அவருடைய ரத்தமும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத்தான் வந்தது. அவர் நல்ல மனிதர். என்னை மீட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கட்டிலிலிருந்து குரல் வரும்.

“மீட்டர் அக்கா, நம்ம ஆளுங்க என்ன சொல்றாங்க?”

“நல்லா சாப்பிடுறாங்க மாப்பிள்ளை.”

“குடுத்து வச்சவங்க. எனக்குத்தான் ஒரு வாய் இறங்க மாட்டேங்குது.”

எங்கள் கூடத்தில் எந்த மாதிரியையும் இரண்டு தடவை அளப்போம். முதல் தடவை ஒத்திகை, இரண்டாவதுதான் அறிக்கைக்குப் போகும். ஒத்திகையில் இரண்டாவது மருந்துக்கு அவருடைய அணுக்களின் மூச்சு கால்வாசிக்கு இறங்கியது. மற்ற இரண்டு மருந்துகளையும் அவை சட்டை செய்யவே இல்லை. நல்ல சேதியோடு வீட்டுக்குப் போனேன். சொல்ல வாயெடுக்கும் முன் தங்கை துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

“இவருக்குச் சரியாயிட்டா அடுத்த மாசமே கிளம்பிடுவோம்க்கா. எத்தனை நாளைக்குத்தான் உனக்குப் பாரமா இருக்கிறது?”

நான் போய்க் குக்கரை அடுப்பில் வைத்தேன்.

மறுநாள் அறிக்கைக்கான அளவை. முதல் மருந்து முதல் வரிசையில், இரண்டாவது இரண்டாம் வரிசையில், மூன்றாவது மூன்றாம் வரிசையில். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் இரண்டாவது மருந்தை மூன்றாம் வரிசையிலும் மூன்றாவதை இரண்டாம் வரிசையிலும் ஊற்றினேன். கருவி நேர்மையாகவே அளந்தது. மூன்றாம் வரிசையில் மூச்சு இறங்கியது என்றது, டாக்டர் மூன்றாவது மருந்தைக் கொடுத்தார். ஒரு மாதம் தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன்.

நான்கு வாரம் கழித்து, மருந்து பிடிக்கவில்லையே என்று டாக்டர் புதிதாக ரத்தம் எடுத்து அனுப்பினார். அன்றைக்குச் சரியாக ஊற்றியிருக்கலாம். கை தானாக மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். யோசித்துத்தான் மாற்றினேன்.

மருந்து தொடங்கிய ஐம்பத்தோராம் நாள் அவர் போனார். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ உன் கையாலயே அளந்து பாத்ததாலதான் அக்கா மனசு கொஞ்சமாவது ஆறுது. பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு” என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அவள் என்னோடு இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். மூன்றே வாரம். “அத்தை தனியா இருக்காங்கக்கா. உனக்கென்ன, தனியா இருந்து பழகினவ” என்று அவருடைய சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன்கூட இப்போது இல்லை.

எப்படி மாட்டினேன் என்று உங்களுக்குத் தெரியும். எந்த வரிசையில் எதை ஊற்றினேன் என்பதை, மாற்றி ஊற்றிய இரண்டு நாளும் என் ஆய்வுக் குறிப்பேட்டில் உள்ளது உள்ளபடி எழுதியிருந்தேன். பேனாவை எடுத்தால் எனக்குப் பொய் வராது. நேற்றுச் சாயங்காலம் மேலாளர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

தங்கையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள், மாப்பிள்ளை முழுதாகப் போய்விடவில்லை. அவருடைய அணுக்களை இத்தனை நாளும் நான் வைத்துக் காப்பாற்றுகிறேன். அதுதான் அவரைக் கொன்ற நோய் என்று மேலாளர் சொல்வார், சொல்லட்டும். நேற்றுக் காலைகூட அளந்தேன், நன்றாக மூச்சு விடுகிறார். இடதுபக்க வெப்பப் பெட்டி, இரண்டாவது தட்டு. நாளைக்குள் திரவம் மஞ்சளாகிவிடும். யாரையாவது அனுப்பி மாற்றச் சொல்லுங்கள் ஐயா. அவரைப் பட்டினி போட்டுக் கொன்றேன் என்ற பழி எனக்கு வேண்டாம்.