யுன்-சோலின் பயம்

எனக்குத் திகில் படங்களே அவ்வளவாகப் பிடிக்காது ஐயா. தயாரிப்பாளர் கேட்டார், எடுத்தேன். தனியாக வசிக்கும் ஒரு பெண், அவள் வீட்டுக்குள் நுழையும் ஓர் அந்நியன், அவ்வளவுதான் கதை. இஞ்சியோன் நகரில் காலியாகக் கிடந்த கிடங்கு ஒன்றுக்குள் வீடு போல செட் போட்டோம்.

கதாநாயகி யுன்-சோல் மேடை நாடகத்திலிருந்து வந்தவள். நல்ல பெண். வரும்போதே சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு வாங்கிவந்து லைட்காரர்கள் வரை எல்லோருக்கும் கொடுப்பாள். அழச் சொன்னால் அழுவாள். பயம் மட்டும் வரவில்லை. கேட்டால், "வீட்டுக்குள்ள போனாலே எனக்குத் தூக்கம் வந்துரும் சார். அங்க போய் எதுக்குப் பயப்படணும்?" என்று சிரித்தாள்.

ஒத்திகைக்காக அவள் வீட்டுக்குப் போவதுண்டு. கதவின் எண் பூட்டை என் கண் முன்னால்தான் அழுத்துவாள். அவள் இல்லாத ஒரு பகலில் நான் தனியாகப் போனேன். எதையும் எடுக்கவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை குளிர்பெட்டியிலிருந்த முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயில் கொஞ்சம் சாப்பிட்டு, டப்பாவைத் திறந்தே விட்டுவந்தேன். பிறகொரு நாள் அவள் படுக்கையில் சிறிது நேரம் படுத்திருந்தேன். தப்பான எண்ணம் ஏதுமில்லை. தலையணையில் ஒரு குழி விழ வேண்டும், அதற்காகத்தான்.

செட்டில் அவள் கண்கள் மாறின. உங்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். எதுவும் களவு போகவில்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பூட்டின் எண்ணை மாற்றினாள். புது எண்ணை என்னிடம் மட்டும் சொன்னாள். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்களாவது உள்ள வரணும் சார்."

கடைசியாக அவள் முகத்தை நெருக்கத்தில் காட்டும் ஒரு காட்சி பாக்கியிருந்தது. செட்டில் எப்படி எடுத்தும் அமையவில்லை. அதனால் சின்னக் கேமராவோடு அவளுடைய துணி அலமாரிக்குள் போய் உட்கார்ந்தேன். வெயில் இருக்கும்போதே வந்துவிட்டாள். அலமாரிக் கதவு சரியாக மூடாததைப் பார்த்து நின்றாள். போலீசைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். என்னைத்தான் கூப்பிட்டாள். என் பையில் போன் அதிர்ந்தது.

கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்துவிட்டது. "நீங்களா சார்... ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு."

சிரிக்கக்கூடச் செய்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எழுந்து போய் வாசல் கதவை மறித்து நின்றேன். கேமராவை இறக்கவில்லை. அவள் என்னென்னவோ கேட்டாள். மெதுவாக அவளை நோக்கி நடந்தேன். ஜன்னல் பக்கம் ஒதுங்கி, அங்கிருந்து பால்கனிக்குப் போனாள். கம்பியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் இறங்கப் பார்த்தபோது கை நழுவிவிட்டது. ஒன்பதாவது மாடி. நான் அவளைத் தொடவே இல்லை.

விசாரிக்க வந்தவர்களிடம், கொஞ்ச காலமாகவே அவள் இல்லாத ஆளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள் என்று சொன்னேன். அந்தப் பழைய புகாரும் இருந்ததால் நம்பினார்கள். ஜன்னலோரம் நின்ற அவள் முகத்தைப் படத்தில் சேர்த்தேன்.

படம் வெளியான அன்று முதல் காட்சிக்கு அவள் அம்மாவை அழைத்து என் பக்கத்தில் உட்காரவைத்தேன். அந்த முகம் திரையில் வந்தபோது, பின்னால் ஒருவன் தன் நண்பனிடம் சொன்னான்: "வீட்டுக்குள்ள நுழைஞ்சவனக்கூடப் பொறுத்துக்கலாம்டா. இவ நடிக்கிறதைத்தான் தாங்க முடியல." அரங்கமே சிரித்தது.

அம்மா என் பக்கம் திரும்பினார். "அது என் பொண்ணு வீட்டு ஜன்னல். அந்தத் திரைச்சீலை நான் தைச்சுக் கொடுத்தது." பிறகு கேட்டார். "எங்க நின்னு எடுத்தீங்க?"

உடம்பெல்லாம் கூசியது. இப்போதும் சாப்பாடு இறங்குவதில்லை, யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை. அவள் அவ்வளவு உண்மையாகக் கொடுத்தாள் ஐயா. அதை ஜனங்கள் நம்பும்படி எடுக்க எனக்குத் தெரியவில்லை. வெளிச்சத்தைக் கோட்டை விட்டுவிட்டேன். அவள் அம்மாவைப் பார்க்க அனுமதித்தால், அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன்.